அம்மாவின் ஆடுகளும் ஐந்து நிற அட்டையும்

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு தீபாவளி சமயம். நாங்கள் நாலு தமிழ்க் குடும்பம் சேர்ந்து ஒரு முழு ஆடு வாங்குவதாக முடிவு செய்தோம். இங்கே அட்லாண்டாவில் கடையில் கிடைக்கும் ஆட்டுக்கறியில் பாதிக்கு மேல் ஆஸ்திரேலியாவில் இருந்து உறைந்த கட்டியாக வருவது. அதை வைத்துக் குழம்பு வைத்தால் குழம்பு நன்றாகத்தான் இருக்கும். ஆடு சாப்பிட்ட மாதிரி மட்டும் இருக்காது :-)

அதனால் ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டி, செம்மண் ரோடு ஒன்றில் திரும்பி, ஒரு பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தோம். எழுபது வயசு மதிக்கத்தக்க பெரியவர். வெயிலில் ஒரு ஆட்டைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு அதன் கண்ணை நோண்டிக்கொண்டிருந்தார். மேல் இமையை மூடி, விழியை மெல்ல அழுத்தி, கீழ் இமையைக் கீழே இழுத்தார். உள்ளே இருந்த சவ்வு வெளியே எட்டிப் பார்த்தது. பையில் இருந்து ஒரு அட்டையை எடுத்து அதற்குப் பக்கத்தில் பிடித்தார். அட்டையில் ஐந்து நிறம். மேலே அடர் சிவப்பு, கீழே போகப் போக வெளுத்து, கடைசியில் கிட்டத்தட்ட வெள்ளை.

"என்ன பார்க்கிறீர்கள்?" என்றேன்.

"இதுக்கு ரத்தம் இருக்கா, இல்லை புழு குடிச்சிட்டதான்னு பார்க்கிறேன்" என்றார்.

கூட வந்தவர்கள் ஆட்டின் எடை என்ன, தொடை எவ்வளவு தேறும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். தங்கமணி வந்து தோளைத் தட்டியபோதுதான் நினைவு வந்தது. பத்து வருஷமாக ஊரில் எங்கள் அம்மாவின் ஆடுகள் மழைக்காலத்தில் ஏன் செத்தன என்பது அந்த அட்டையில் இருந்தது.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன்.

எங்கள் ஊர் பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில், நெடுஞ்சாலையில் இருந்து உள்ளே போகும் ஒரு கிராமம். நெய்யாற்றின்கரை தாலுகா, திருவனந்தபுரம் ஜில்லா. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போனபோது, நெய்யாற்றின்கரையையும் கேட்டார்கள். கிடைக்கவில்லை. அதனால் எங்களுக்கு ரேஷன் கார்டு மலையாளத்தில், சண்டை தமிழில். என் சித்தி வீடு நடந்து போகிற தூரத்தில் தமிழ்நாட்டில் இருக்கிறது. அம்மாவின் ஆடுகள் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஸ்டேட் மாறும். அவற்றை எந்த செக்போஸ்ட்டிலும் நிறுத்தியதில்லை.

அப்பா போன பிறகு அம்மா தனியாகத்தான் இருக்கிறாள். தனியாக என்று சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. "பதினோரு உருப்படி இருக்குல்லா மக்களே, நான் எங்கே தனியா இருக்கேன்?" என்பாள். எல்லாம் மலபாரி ஆட்டோடு நாட்டாடு கலந்த சாதி. தமிழ்நாட்டில் தலச்சேரி ஆடு என்பார்களே, அதுதான் மலபாரி. ஒரு பிரசவத்தில் ரெண்டு, சில நேரம் மூன்று குட்டி போடும்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது ஆட்டுக்குத் தீனி ஒரு கவலையே இல்லை. வயல் இருந்தது, வரப்பு இருந்தது, வீட்டுக்கு வீடு பிலாமரம் இருந்தது. பிலாவிலைக்காக ஆடு என்ன வேண்டுமானாலும் செய்யும். பஷீரின் 'பாத்துமாவின் ஆடு' (1959) படித்தவர்களுக்குத் தெரியும், அந்த ஆடு பிலாவிலையோடு நிற்காமல் ஆசிரியரின் புத்தகத்தையே தின்றுவிடும். பிறகு வயல் மரச்சீனித் தோட்டம் ஆனது, மரச்சீனித் தோட்டம் ரப்பர் ஆனது, ரப்பர் வெட்டிய இடத்தில் வளைகுடா காசில் வீடு வந்தது. இப்போது ஊரில் இருக்கிற எல்லா ஆடுகளும் மேய்வது சர்ச் மைதானம், கால்வாய்க் கரை, ரோட்டோரம், அவ்வளவுதான். அதே ஆடுகள், அதே நாலு இடம், தினமும். இந்த விஷயம் பின்னால் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனியும் ஆடியும் வந்தால் ஃபோனில் ஒரே சேதிதான் வரும். "வெள்ளச்சி போயிட்டு மக்களே." "கறுப்பிக்க மூத்த குட்டி போயிட்டு." வடகிழக்குப் பருவமழையும் எங்கள் பக்கம் நன்றாகப் பெய்யும் என்பதால் ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு சுற்று. எப்படிச் செத்தது என்று கேட்டால் எப்போதும் ஒரே மாதிரி சொல்வாள். ஒரு வாரம் மந்தமாக நிற்கும், கூட்டத்தில் கடைசியாக வரும். சாயங்காலம் மேய்ந்து வந்தால் தாடைக்கடியில் பை மாதிரி வீங்கியிருக்கும், காலையில் பார்த்தால் வீக்கம் குறைந்திருக்கும். அப்புறம் ஒரு நாள் எழுந்திருக்காது. பாம்பு தீண்டிவிட்டது என்றார்கள் சிலர். கண்ணேறு என்றார்கள் சிலர். "புழுவா இருக்குமோ" என்று நான் ஒரு தடவை கேட்டேன். "கழிச்சலே இல்ல, புழுக்கை கல்லு மாதிரி விழுது, இதுல எங்கே மக்களே புழு?" என்றாள். நானும் சரிதான் என்று விட்டுவிட்டேன்.

இங்கேதான் நான் செய்த ரெண்டு முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் பொட்டி தட்டுகிற பிள்ளைகளுக்கு ஒரு வியாதி உண்டு. ஊரில் எந்தப் பிரச்சினை என்றாலும் ராத்திரி உட்கார்ந்து இன்டர்நெட்டில் தேடி, காலையில் ஃபோனில் உத்தரவு போடுவது. எனக்கு அந்த வியாதி முற்றிய நிலை.

முட்டாள்தனம் ஒன்று: குடற்புழு மருந்து. ஒரு ஆடு செத்தால் உடனே பக்கத்து வீட்டுப் பையனுக்குக் காசு அனுப்பி, அல்பென்டசோல் வாங்கி எல்லா ஆட்டுக்கும் ஊற்றச் சொல்வேன். அப்புறம் அதையே மாசாமாசம் ஊற்றச் சொன்னேன். எடை பார்க்கவில்லை. பெரிசுக்கு ஒரு மூடி, சிறிசுக்கு அரை மூடி. நாலைந்து வருஷம் இதே மருந்து. முதல் ரெண்டு வருஷம் சாவு குறைந்தது. பிறகு பழைய கதைக்கே வந்துவிட்டது.

முட்டாள்தனம் ரெண்டு: இது எழுதவே கஷ்டமாக இருக்கிறது. ஒரு பக்ரீத் சமயம், கடாக்களைக் கொழுக்க வைத்தால் நல்ல விலை போகும் என்று படித்தேன். ரெண்டு மூட்டை மக்காச்சோளம் வாங்கிப் போடச் சொல்லி, ஒரு கடாவுக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ என்று கணக்கும் சொன்னேன். "அவ்வளவு கொடுக்கலாமா மக்களே?" என்று அம்மா கேட்டாள். "நீ கொடு, நான் பார்த்துட்டுத்தான் சொல்றேன்" என்றேன். மூன்றாம் நாள் ரெண்டு கடாவும் வயிறு உப்பி, பல்லை நறநறவென்று கடித்து, படுத்துச் செத்துப்போயின.

என்ன நடந்தது என்று இப்போது தெரியும். ஆட்டின் முதல் வயிற்றில் இருக்கிற நுண்ணுயிர்கள் இலையையும் புல்லையும் செரித்துப் பழகியவை. திடீரென்று மாவுச்சத்து கொட்டினால் வேறு வகைக் கிருமிகள் பெருகி வயிறு முழுக்க லாக்டிக் அமிலம் ஆகிவிடும். அமிலம் ரத்தத்துக்குப் போனால் முடிந்தது கதை. ஓணத்துக்கு மறுநாள் மிச்சச் சோறும் பாயசமும் தின்று ஆடு மாடு சாவது கேரளாவில் வழக்கமான சேதி. அது இதே வியாதிதான். சின்ன வயசில் அம்மா சோற்றுப் பானையை ஆட்டுக்கு எட்டாமல் வைப்பாள். காரணம் தெரியாவிட்டாலும் விஷயம் தெரியும். அவளுக்குத் தெரிந்ததை நான் ஃபோனில் மறக்கடித்தேன்.

அம்மா என்னைத் திட்டவில்லை. "போட்டு மக்களே, அது விதி" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

அந்தக் குற்ற உணர்ச்சியில் நான் இன்னும் மோசமாக ஒன்று செய்தேன். ஆட்டை எல்லாம் விற்றுவிட்டு அட்லாண்டாவுக்கு வந்து எங்களோடு இரு என்று சண்டை போட்டேன். மாசாமாசம் காசு அனுப்புகிறேனே, எதற்கு இந்த வயசில் மழையில் ஆட்டின் பின்னால் அலைகிறாய் என்றேன். கொஞ்ச நேரம் மௌனம். அப்புறம் சொன்னாள்.

"நீ அனுப்புறது உனக்க காசு. அது பேங்கில கிடக்கு. ஆட்டுக்காசு எனக்க காசு. கல்யாண வீட்டுக்கு மொய் எழுதுறதும், சர்ச் பெருநாளுக்குக் காணிக்கை போடுறதும், உனக்க பிள்ளைக்கு வளையல் வாங்கினதும் அதுலதான். அதையும் வித்துப்போட்டா நான் உனக்க வீட்டில சோறு திங்கிற ஆளு, அவ்வளவுதான்."

நான் ஃபோனை வைத்துவிட்டேன். இது நடந்து ஆறு மாசத்தில்தான் அந்தப் பண்ணைக்குப் போனது.

பெரியவரிடம் எங்கள் ஊர் ஆடுகள் சாகும் விதத்தைச் சொன்னேன். தாடை வீக்கம் என்றதுமே தலையை ஆட்டினார். அவர் சொன்னதும், அதன் பிறகு நான் தேடிப் படித்ததும் சேர்த்துச் சொல்கிறேன்.

புழுவின் பெயர் ஹீமோங்கஸ் கன்டார்டஸ். ஆட்டின் நாலாவது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஒரு புழு ஒரு நாளைக்கு 0.05 மில்லி குடிக்கும் என்பது கணக்கு. ஒன்றுமில்லை போலத் தோன்றும். ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி. ஒரு மாசத்தில் ஒன்றரை லிட்டர். இருபது கிலோ ஆட்டின் உடம்பில் மொத்தமே அவ்வளவு ரத்தம்தான் இருக்கும். ரத்தத்தில் புரதம் குறைவதால் நீர் கசிந்து தாடைக்கடியில் இறங்குகிறது. நாள் முழுக்கத் தலை குனிந்து மேய்வதால் சாயங்காலம் வீக்கம் அதிகம், ராத்திரி தலை நிமிர்ந்து படுப்பதால் காலையில் குறைவு. இந்தப் புழு கழிச்சல் தராது. அதனால்தான் அம்மாவும் ஏமாந்தாள், நானும் ஏமாந்தேன். புழுக்கையில் சோற்றுப் பருக்கை மாதிரி தெரிகிறதே, அது நாடாப்புழு. எல்லோரும் அதைப் பார்த்துத்தான் பயப்படுவோம். பெரும்பாலும் அது அவ்வளவு கெடுதல் செய்யாது. கொல்வது கண்ணுக்குத் தெரியாததுதான்.

ஒரு பெண் புழு ஒரு நாளைக்கு ஐயாயிரத்துக்கு மேல் முட்டை போடும். முட்டை புழுக்கையோடு தரையில் விழும். சூடும் ஈரமும் இருந்தால் நாலைந்து நாளில் இருந்து ஒரு வாரத்துக்குள் தொற்றக்கூடிய குஞ்சுப் புழு ஆகிவிடும். அது புல்லில் இருக்கும் ஈரத்தில் நீந்தி ஏறும். ரொம்ப உயரம் போகாது, பெரும்பாலும் தரையில் இருந்து ரெண்டு மூன்று அங்குலம். ஆடு அதைத் தின்றால் மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை முட்டை போட ஆரம்பிக்கும். எங்கள் ஊர் மழைக்காலத்தை நினைத்துப் பாருங்கள். எல்லா ஆடும் ஒட்ட ஒட்ட மேய்ந்த நாலு மைதானத்தை நினைத்துப் பாருங்கள். இதைவிடப் புழுவுக்குச் சொர்க்கம் கிடையாது.

அந்த அட்டைக்கு ஃபமாச்சா என்று பேர். தென்னாப்பிரிக்காவில் கண்டுபிடித்தது. ஃபஃபா மாலன் என்ற கால்நடை மருத்துவரின் பெயரில் இருந்தும் 'சார்ட்' என்ற சொல்லில் இருந்தும் எழுத்துகளை எடுத்துச் சேர்த்த பெயர். எங்கள் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இருந்த ரே கேப்லன் குழுவினர் அமெரிக்கத் தெற்கு மாநிலங்களில் இதைச் சோதித்துப் பார்த்து 2004இல் வெளியிட்டார்கள். மந்தையில் எல்லா ஆட்டுக்கும் ஒரே அளவு புழு இருக்காது. ஐந்தில் ஒரு பங்கு ஆடுகள்தான் பெரும்பாலான புழுக்களைச் சுமக்கும். கண்ணைப் பார்த்து வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதும்.

"எல்லாத்துக்கும் கொடுத்தால் இன்னும் நல்லதுதானே?" என்று கேட்டேன். பெரியவர் சிரித்தார். எல்லா ஆட்டுக்கும் கொடுத்தால் மருந்துக்குச் சாகாத புழு மட்டும்தான் மிஞ்சும். அடுத்த தலைமுறை முழுக்க அதன் பிள்ளைகள். சில ஆட்டை விட்டுவைத்தால் மருந்துக்கு மடியும் சாதாரணப் புழுவும் கலந்து இருக்கும், மருந்து ரொம்ப நாளைக்கு வேலை செய்யும். தயாபென்டசோல் என்ற மருந்து 1961இல் வந்தது. 1964இலேயே அதற்கு மசியாத ஹீமோங்கஸ் வந்துவிட்டது. நம் அல்பென்டசோல் அதே குடும்பம். போதாக்குறைக்கு, ஆட்டின் உடம்பு செம்மறியைவிட வேகமாக மருந்தை வெளியேற்றிவிடும். செம்மறிக்கு எழுதிய அளவு வெள்ளாட்டுக்குப் பத்தாது. நான் அம்மாவை மூடிக்கணக்கில், மாசாமாசம், எல்லா ஆட்டுக்கும் ஊற்றச் சொன்னது புழுவுக்கு டியூஷன் எடுத்த மாதிரி ஆகிவிட்டது.

அட்டையைச் சும்மா தரமாட்டார்கள், பயிற்சி எடுக்க வேண்டும். இங்கே ஃபோர்ட் வேலி ஸ்டேட் யுனிவர்சிட்டியில் ஆடுகளுக்கென்றே ஆராய்ச்சி நடக்கிறது. அந்தப் பக்கம் நடந்த பயிற்சி ஒன்றுக்கு ஒரு சனிக்கிழமை போனேன். சுற்றிலும் பண்ணைக்காரர்கள், நடுவில் ஐடி கம்பெனிச் சட்டையோடு நான். "உன்னிடம் எத்தனை ஆடு?" என்றார் பக்கத்தில் இருந்த அம்மணி. "ஒன்பது. ஆனால் ஒன்பதாயிரம் மைல் தள்ளி" என்றேன். ஒரு மாதிரி பார்த்தார் :-)

அடுத்த லீவில் அட்டையோடு ஊருக்குப் போனேன். முதலில் கால்நடை ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டரம்மாவைப் பார்த்தேன். அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நல்லதுதான் சேட்டா, ஆனா முதல்ல புழுக்கை கொண்டு வாங்க" என்றார். நுண்ணோக்கியில் முட்டையை எண்ணினார்கள். ஒரு கிராமில் ஆயிரத்து எண்ணூறு. எடை பார்த்து அல்பென்டசோல் கொடுத்து, பன்னிரண்டு நாள் கழித்து மறுபடி எண்ணினால் ஆயிரத்து ஐநூறு. மருந்து வேலை செய்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தாவது குறைய வேண்டும். அம்மா இத்தனை வருஷமாக ஊற்றியது தண்ணீர் மாதிரிதான். டாக்டரம்மா வேறு குடும்பத்து மருந்து எழுதினார். கட்டித் தூக்கும் தராசில் ஒவ்வொரு ஆடாக எடை போட்டு, அளவை ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தார். அந்த மருந்து அளவு மிஞ்சினால் ஆட்டுக்கே ஆபத்து, அதனால் மூடிக்கணக்கு கூடவே கூடாது என்றார். மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் கழித்துத்தான் கறிக்கு விற்கலாம் என்பதையும் எழுதிக் கொடுத்தார். (இதனால்தான் இங்கே மருந்தின் பெயரும் அளவும் எழுதவில்லை. உங்கள் ஊர் டாக்டரிடம் கேளுங்கள்.)

அப்புறம் அம்மாவுக்கு அட்டை பாடம். வெயிலில் நின்று பார்க்க வேண்டும், நிழலில் நிறம் ஏமாற்றும். ஒன்று, ரெண்டு என்றால் விட்டுவிடலாம். மூன்றில் இருந்து ஐந்து வரை வெள்ளாட்டுக்கு மருந்து. அம்மா ரெண்டு நிமிஷத்தில் பிடித்துக்கொண்டாள். ஆனால் நம்பர் அவளுக்குப் பிடிக்கவில்லை. அவளே பேர் வைத்தாள். ஒன்று செம்பருத்தி. ரெண்டு தெற்றிப்பூ. மூன்று கொய்யாப்பழம். நாலு சாம்பக்கா. ஐந்து தேங்காய். அன்றைக்குப் பார்த்ததில் ரெண்டு ஆடு தேங்காய். "ஐயோ மக்களே, இது இத்தன நாளா கண்ணுக்குள்ளேயே இருந்துதா?" என்றாள்.

தீனி விஷயத்தில் இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. டாக்டரம்மாவும் அம்மாவும் பேசி முடிவு செய்தார்கள். நான் குறிப்பு மட்டும் எடுத்தேன்.

புரதம் கிடைக்கிற ஆடு புழுவைத் தாங்கும், எதிர்த்தும் நிற்கும். மருந்தைவிட இது முக்கியம். அதற்கு மக்காச்சோளம் தேவையில்லை. வேலியில் நிற்கும் சீமைக்கொன்னையும், அகத்தியும், முருக்கும் போதும். மரத்தழை உயரத்தில் இருப்பதால் புழுக்குஞ்சு இருக்காது, புரதமும் அதிகம். ஒரு கல்லில் ரெண்டு மாங்காய். பிலாவிலை வழக்கம்போல. எல்லாவற்றையும் தரையில் போடாமல் கயிற்றில் கட்டித் தொங்கவிட வேண்டும். மரச்சீனித் தழையைப் பச்சையாகக் கொடுக்கவே கூடாது, அதில் சயனைடு உண்டாகும். கிழங்கு பிடுங்கும்போது வெட்டிப்போடும் தழையை ரெண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காய வைத்துக் கொடுத்தால் அது அருமையான தீவனம், உலர்ந்த தழையில் இருபது சதவீதத்துக்கு மேல் புரதம். ரப்பர் இலையிலும் அதே விஷம் இருக்கிறது. காற்றில் கொம்பு ஒடிந்து விழுந்த நாளில் ரப்பர் தோட்டத்துப் பக்கமே ஆட்டை விடக்கூடாது.

புண்ணாக்கும் தவிடும் எல்லா ஆட்டுக்கும் இல்லை. குட்டி போடப் போகிற ஆட்டுக்குக் கடைசி ஆறு வாரம், பால் கொடுக்கிற ஆட்டுக்கு, பால் மறக்கிற குட்டிக்கு. ஒரு கை அளவில் ஆரம்பித்து ரெண்டு வாரம் கழித்து கால் கிலோவுக்குள் நிறுத்த வேண்டும். கூடவே கொஞ்சம் உப்பும் தாது உப்புக் கலவையும். குட்டி போடும் சமயத்தில் தாயாட்டின் எதிர்ப்புச் சக்தி குறைந்து முட்டை கொட்டும், அதையே குட்டி தின்னும். அதனால் அந்த ஆறு வாரத் தீனிக்குக் கணக்குப் பார்க்கக்கூடாது.

கடைசியாக மேய்ச்சல். பசிபிக் தீவுகளில் ஆடுகளை வைத்துச் செய்த ஒரு பரிசோதனை 1994இல் வெளிவந்தது. குளிர் நாட்டில் புழுக்குஞ்சு மாசக்கணக்கில் புல்லில் உயிரோடு இருக்கும். வெப்ப நாட்டில் அதற்கு உடம்பில் சேர்த்த சக்தி சீக்கிரம் தீர்ந்துவிடும், நாலைந்து வாரத்தில் பெரும்பாலும் செத்துவிடும். அதனால் ஒரே இடத்தில் மூன்று நாலு நாளுக்கு மேல் மேய்க்காமல், ஒரு மாசம் கழித்துத்தான் அங்கே திரும்ப வந்தால் புழு நன்றாகக் குறையும். நானும் அம்மாவும் உட்கார்ந்து எண்ணினோம். ஒன்பது இடம் தேறியது. ஒரு இடத்துக்கு நாலு நாள், சுற்று முடிய முப்பத்தாறு நாள். சுவரில் தொங்கிய மலையாளக் காலண்டரில் குறித்து வைத்தோம். காலையில் பனி காய்ந்த பிறகுதான் ஆட்டை அவிழ்க்க வேண்டும் என்பதும் சேர்த்து.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது என்று நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். நாங்கள் ஒதுக்கி வைத்த இடத்தில் அடுத்த வீட்டு ஆடு மேய்ந்தால் காலண்டர் வீண். அம்மா அதற்கும் வழி பண்ணினாள். குடும்பஸ்ரீ கூட்டத்தில் மற்ற பெண்களைக் கூப்பிட்டு ஆட்டுக்கண் பார்த்துக் காட்டினாள். ஏழு வீட்டில் நாலு வீடு சேர்ந்தது. மூன்று வீட்டுக்காரர்கள் "அமெரிக்கா மகன் சொன்னதுக்குத்தான ரெண்டு கடாவும் போச்சு" என்று சொல்லிவிட்டார்கள். நியாயமான பேச்சு. நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

இப்போது மூன்று மழை தாண்டிவிட்டது. முதல் வருஷம் ஒன்பதில் நாலு ஆட்டுக்கு மருந்து தேவைப்பட்டது. ஒரு குட்டி செத்தது. போன ஆடியில் பதினான்கில் மூன்று ஆட்டுக்குத்தான் மருந்து. குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சல் வந்து ஒன்று போய்விட்டது, ஆனால் அது வேறு வியாதி, அட்டையில் தெரியாது. எல்லாவற்றையும் அட்டை பிடித்துவிடும் என்று நினைத்தால் மறுபடி ஏமாறுவோம். எப்போதும் மூன்றாம் மழையிலும் தேங்காய் காட்டுகிற தாயாட்டை டாக்டரம்மா விற்கச் சொன்னார். அம்மாவுக்கு மனசு வரவில்லை, அது வெள்ளச்சியின் மகள். இன்னும் தொழுவத்தில்தான் நிற்கிறது. அட்டையின் நிறம் வெயிலில் மங்கிவிடும் என்பதால் ஒவ்வொரு வருஷமும் புதுசு ஒன்று கொண்டு போகிறேன். பெட்டியில் சாக்லேட்டுக்கு மேலே அதுதான்.

போன மாசம் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருந்தோம். வழக்கம்போல ஆடுகளைப் பற்றித்தான் கேட்டேன். கறுப்பி எப்படி, செம்பருத்தியா தெற்றியா, இப்படி. எல்லாம் சொல்லிவிட்டு, "படி ஏறினா மூச்சு வாங்குது மக்களே, சும்மா தலை சுத்துது" என்றாள். சொல்லிவிட்டு ஃபோனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, தன் கீழ் இமையைத் தானே இழுத்துக் காட்டினாள். "பாரு, எனக்க கண்ணு எத்தனாவது நம்பர்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நானும் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. ஃபோனில் நிறத்தை நம்ப முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கொய்யாப்பழம் கூட இல்லை.

மறுநாள் சித்தி மகன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஹீமோகுளோபின் எட்டுக்குக் கீழே. பெரிய வியாதி ஒன்றும் இல்லை, சரியாகச் சாப்பிடவில்லை, இரும்புச்சத்து இல்லை என்றார்கள். மாத்திரை சாப்பிடுகிறாள், இப்போது பத்தைத் தாண்டிவிட்டது. மூன்று வருஷமாக வாராவாரம் ஆட்டின் கண்ணைக் கேட்டவன் அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். "சாப்பிட்டியா" என்று கேட்டிருக்கிறேன். "ஆச்சு" என்று சொல்லியிருக்கிறாள். என்ன சாப்பிட்டாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

இப்போது கேட்கிறேன். நேற்று அகத்திக்கீரைத் தோரனும் மீன் குழம்புமாம். "ஆட்டுக்கு ஒடிச்ச அகத்தியில மிச்சம்" என்றாள்.

இன்றைக்கு ஊருக்கு ஃபோன் பண்ணும்போது நீங்களும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். ஆட்டை அப்புறம் விசாரிக்கலாம்.